நாய்க்குட்டிக்குப் பச்சை எலும்பு

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் விருந்து நடந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் முதலில் வந்து நிற்பது அவ்வீட்டு நாயே. ஆடி மாதத்தில் கிடா வெட்டும் நாட்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், எச்சிலிலையோடு எறியப்படும் எலும்புகளில் பெரும்பகுதி அதன் வயிற்றிற்கே போய்ச் சேருகிறது. வளர்ந்த நாய் பல தடவை தப்பித்துக்கொள்ளும். குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மறுநாட்காலையில் அது உமிழ்நீர் வடிய, கழுத்தை நீட்டிக்கொண்டு, வைத்த கூழை முகர்ந்துவிட்டு அப்பால் போய் நின்றால், வீட்டார், "எலும்பு தின்னப் பிறந்த பிராணிக்கு எலும்பினால் கெடுதி வருமா?" என்று வியப்பார்கள். வரும். எலும்பே ஆகாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் எந்த எலும்பு, எந்த நிலையில், எந்த வயதில், எதனோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

2019ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தனி ஜில்லாவாகப் பிரிந்த கள்ளக்குறிச்சியின் மேற்குப் பக்கத்தில் கல்வராயன் மலை நிற்கிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரமும் உள்ளவை. வெள்ளிமலை முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள மலையாளிக் குடிகள் (இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள், கேரள தேசத்தாரல்லர்) சாமை, கேழ்வரகு, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டும், ஆடு மாடுகளை வளர்த்தும் ஜீவனம் செய்கிறார்கள். அங்கு நாய் வீட்டுக்கு அழகுக்காக வைத்துக்கொண்ட பிராணியன்று. இரவில் ஆட்டுப்பட்டியையும், மரவள்ளிக்கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியையும் அதுவே பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு குட்டியைக் காவலுக்குப் பழக்கி எடுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் செல்லும். அது ஐந்தாம் மாதத்தில் ஓர் எலும்புத் துண்டினால் மாண்டுபோனால், அந்த வருஷத்துக் காவலும் அதனோடு போயிற்று.

வெந்த எலும்பும் வேகாத எலும்பும்

எலும்புத் தூளை நிலத்துக்கு எருவாகப் போட்டறிந்த குடியானவருக்கு, அதில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் உண்டென்று எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. உலர்ந்த எலும்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இவ்வகைத் தாதுப்பொருளே. எஞ்சிய பங்கு பெரும்பாலும் பசை போன்ற நார்ப்பொருள். சுவரில் செங்கல்லும் சாந்தும் போல இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. பச்சை எலும்பைக் கடித்தால் இந்த நாரினால் அது சற்று வளைந்து, நசுங்கிப் பிளக்கும். கொதிக்கவைத்தாலோ, நார் கரைந்து ரசத்தில் இறங்கிவிடுகிறது. எலும்பு ரசம் ஆறினால் உறைந்து கட்டியாவது இதனால்தான். ரசத்துக்குப் போன சத்து எலும்பில் இல்லை. அது நொறுங்கும் தன்மையை அடைந்து, கடிக்குந்தோறும் ஊசி ஊசியாக உடைகிறது. கோழிக்காலின் உள்ளே துளையுள்ள எலும்பு இவ்விஷயத்தில் எல்லாவற்றிலும் கெட்டது. நெருப்பில் சுட்ட எலும்பும் அப்படியே.

குழம்பிலிருந்து எடுத்த எலும்பில் இன்னொரு கெடுதியும் உண்டு. நாயின் உடம்பில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் அழியத் தொடங்கும். மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு சாதாரணப் பெரிய வெங்காயமே இந்த அளவுக்கு வந்துவிடுகிறது. பூண்டும் இதே இனம். ஆகவே குழம்பு எலும்பைக் கழுவிக் கொடுப்பதும் உசிதமன்று, எறிந்துவிடுவதும் போதாது. குட்டி உள்ள வீட்டில் எச்சில் எலும்புகளைக் குழி தோண்டிப் புதைக்கவேண்டும், அல்லது மூடியுள்ள கூடையில் போடவேண்டும்.

பல்லும் வயதும்

குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்திற்குள் நிரம்பிவிடுகின்றன. நான்காம் மாதத்தில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். நான்கு மாதம் நிறைவதற்குள் குட்டிக்கு எலும்பு கொடுக்கவேண்டிய அவசியம் யாதொன்றும் இல்லை. வாய் சிறிது, தொண்டை சிறிது, விழுங்கும் ஆசை மட்டும் பெரிது. நான்கு முதல் ஏழு மாதம் வரை ஈறு அரிப்பினால் செருப்பையும் கயிற்றையும் கடித்துக் குதறும் காலத்தில், ஆட்டு நெஞ்செலும்பின் குருத்துள்ள முனை ஏற்றது. அது மிருதுவாயிருப்பதால் புதிய பல்லுக்கு வலியின்றிப் பிடித்துக்கொடுக்கும். பற்கள் யாவும் நிலைத்த பிறகே விலா எலும்பு போன்றவற்றைத் தரலாம்.

மாட்டின் தொடையெலும்பைக் குட்டிக்குக் கொடுப்பது தவறு. பார்க்கப் பெரியது, விழுங்க முடியாதது, ஆகையால் அபாயமற்றது என்று பலர் நினைக்கிறார்கள். கனத்த உடம்பைத் தாங்கிய எலும்பு நாயின் பல்லைவிடக் கடினமானது. மேல்தாடையில் பின்பக்கத்துப் பெரிய வெட்டும்பல் இதைக் கடிக்கும்போது பக்கவாட்டில் சில்லாகப் பிளந்துவிடுகிறது. உள்ளிருக்கும் நரம்பு வெளிப்பட்டால் சீழ் வைத்துக் கண்ணின் கீழ் வீக்கம் தோன்றும். பல் வைத்தியர்கள் எளிய சோதனை ஒன்றைச் சொல்வார்கள்: ஒரு பொருளைக்கொண்டு தன் முழங்காற்சில்லில் தட்டினால் வலிக்குமானால் அதை நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக்கூடாது.

எலும்பு கடிப்பதனால் பல்லுக்கு நன்மையே இல்லையா என்றால், உண்டு. பச்சை மாட்டெலும்பைக் கடிக்கவிட்ட வளர்ந்த நாய்களில் பல்லின்மேல் படிந்த காறை சில நாட்களுக்குள் பெரிதும் நீங்கியதாக 2016ஆம் வருஷத்தில் பிரேசில் தேசத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறது. ஆனால் அந்நாய்கள் சிலவே, அவை முழு வளர்ச்சி பெற்றவை, அருகிலிருந்து கவனிக்கப்பட்டவை. குட்டியின் புதுப்பல்லில் காறையே இல்லை. மிருக வைத்தியர்களுள் பலர் எலும்பே வேண்டாம் என்பர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும், கட்டிப்போடாமல் வளரும் கிராமத்து நாய் எலும்பைத் தானே தேடிக்கொள்ளுமாதலால், கெட்டதைத் தானாகத் தின்பதைவிட நல்லதைக் கண்ணெதிரே தின்பது மேல்.

எலும்பு உறுதிக்கு எலும்பா?

கால் கோணிய குட்டிக்கு எலும்பு கொடுத்தால் கால் நிமிரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கடித்துத் துப்பும் எலும்பினால் அவ்வளவு சத்து வந்துவிடாது. அதிகமாக விழுங்கினாலோ மலம் சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்து இறுகிக் குட்டி முக்கி அழும். கால் கோணுவதன் காரணம் தினசரி ஆகாரத்தில் இருக்கிறது. லண்டன் நகரில் எட்வர்ட் மெல்லன்பி என்னும் வைத்தியர் 1919ஆம் வருஷத்தில் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனைகள் நாய்க்குட்டிகளைக்கொண்டே செய்யப்பட்டவை. தானிய ஆகாரத்தையே முக்கியமாகத் தின்று வளர்ந்த குட்டிகளுக்குக் கணைநோய் கண்டு கால்கள் வளைந்தன. மீனெண்ணெய் சேர்த்தவை நன்றாயிருந்தன. குழந்தைகளின் கணைநோய்க்கு மருந்து தேடியபோது குட்டிகள் உதவிய கதை இது. வெயிலில் கிடந்தால் மனிதருடைய தோலில் உண்டாகும் டி வைட்டமின், நாயின் தோலில் போதிய அளவு உண்டாவதில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. ஆகவே அதற்கு ஆகாரத்தின் மூலமே அது கிடைக்கவேண்டும்.

அரிசிச்சோறு மட்டும் தின்னும் குட்டியைவிடக் கூழ் குடிக்கும் மலைக்குட்டி இதில் சற்று அதிர்ஷ்டமுள்ளது. தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம், மணிச்சத்து 160 மில்லிகிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 344 மில்லிகிராம், மணிச்சத்து 283 மில்லிகிராம். வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டுமென்பது விதி. கேழ்வரகு அவ்விதிக்குப் பொருந்துகிறது, அரிசி பொருந்தவில்லை. வெறும் கறியும் பொருந்தாது, அதில் மணிச்சத்து மிகுதி. தானியத்தில் சத்தைப் பிடித்துவைக்கும் ஒருவகை அமிலம் உண்டு. மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சினால் அது குறைகிறது. புளித்த கூழைக் காய்ச்சும் பழக்கம் குட்டிக்கும் நன்மையாகவே முடிகிறது. இதனோடு ஒரு முட்டையை அவித்துச் சேர்த்து, அதன் ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்து உலர்த்தி மாவாக இடித்து, ஐந்து கிலோ குட்டிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் கூழில் கலக்கலாம். கடையில் வாங்கும் குட்டித் தீவனம் போடுகிறவர் இதைச் சேர்க்கக்கூடாது. சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் பெரிய ஜாதிக் குட்டிகளின் எலும்பு கோணலாக வளரும். எருவுக்கென்று விற்கும் எலும்புத் தூளை எடுத்துக் குட்டிக்குப் போடுவது எவ்வகையிலும் கூடாது. அம்மூட்டையை நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம். வாசனைக்கு ஆசைப்பட்டு அது தின்றால் குடலில் கட்டியாக அடைத்துக்கொள்ளும்.

கொடுக்கும் முறை

நல்ல நிலையில் அறுக்கப்பட்ட ஆட்டின் எலும்பை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே கொடுக்கவேண்டும். சமவெளியின் வெயிலில் இரண்டொரு மணி நேரம் வைத்திருந்தாலும் கிருமிகள் பெருகிவிடும். குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்தால் அவை வளராமல் நிற்குமேயன்றிச் சாகமாட்டா. எலும்பின் நீளம் குட்டியின் முகத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். கசாப்புக்கடையில் சிறு துண்டாகக் கொத்திய முதுகெலும்பு வேண்டாம். விழுங்கினால் மார்புக்குள் உணவுக்குழாயில் சிக்குவது பெரும்பாலும் இதுவே. குறுக்கே வெட்டிய நல்லி எலும்பு வளையம்போல் இருக்குமாதலால், உள்ளிருக்கும் மஜ்ஜையை நக்கப்போகும் குட்டியின் கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கழலாது. அதைக் கழற்ற மயக்கமருந்து கொடுத்து ரம்பத்தால் அறுக்கவேண்டிவரும்.

பச்சைக் கோழிக்கழுத்து மிருதுவாயிருப்பதால் நல்லதென்று சிலர் சொல்வதுண்டு. 2018இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆராய்ச்சியில், பச்சைக் கோழியிறைச்சி, விசேஷமாகக் கழுத்து, தின்ற நாய்களில் கால்கள் திடீரெனத் தளர்ந்துபோகும் ஒருவகை நரம்பு வியாதிக்கும் கோழியிறைச்சியிலுள்ள ஒரு கிருமிக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆட்டெலும்பு கிடைக்கும்போது கோழியை நாடவேண்டாம்.

குட்டியின் வயிறு பாதி நிறைந்த பிறகு எலும்பைக் கொடுப்பது நலம்; பசித்த குட்டி கடிக்காது, விழுங்கும். வாரத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போதும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். இரண்டு குட்டிகள் இருந்தால் தனித்தனியே கட்டிக் கொடுக்கவேண்டும். போட்டி வந்தால் இரண்டும் மெல்லாமல் விழுங்கும். எலும்பு சிறுத்து வாய்க்குள் அடங்கும் அளவானதும் எடுத்துவிடவேண்டும். எடுப்பதற்குப் பிடுங்கக்கூடாது. ஒரு துண்டு கருவாட்டையோ, முட்டையையோ காட்டினால் அது தானே விட்டுவிட்டு வரும். குட்டிப் பருவத்தில் இப்படிப் பழகாத நாய், வளர்ந்தபின் எலும்பருகில் வரும் குழந்தையின் கையைக் கடிக்கும். கடி பட்டால் சவுக்காரம் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளவேண்டும், சொந்த நாயாயிருந்தாலும்.

ஈரலும் நுரையீரலும்

இதுவரை சொன்ன கெடுதிகள் குட்டியோடு போவன. வீட்டிலுள்ள குழந்தையைத் தொடரும் கெடுதி ஒன்று உண்டு. அது எலும்பில் இல்லை, எலும்போடு கூடவரும் கழிவில் இருக்கிறது.

ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் நிறைந்த கட்டிகள் காணப்படுவதுண்டு. அவற்றைக் கண்டவர் அந்தப் பாகத்தை அரிந்து அருகில் நிற்கும் நாய்க்கு எறிகிறார். மனிதர் தின்ன ஆகாதது நாய்க்கு ஆகும் என்பது அவர் எண்ணம். அக்கட்டிக்குள் இருப்பவை ஒருவகை நாடாப்புழுவின் இளந்தலைகள். நாயின் குடலில் அவை நெல்மணியைவிடச் சிறிய புழுக்களாக ஆயிரக்கணக்கில் வளர்ந்து, சுமார் ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாய் மெலிவதில்லை, துள்ளிக்கொண்டே இருக்கும். முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும், கீரையிலும், நாயின் மயிரிலும் ஒட்டுகின்றன. புல்லை மேய்ந்த ஆட்டிற்கு மறுபடியும் கட்டி. நாயைத் தழுவிவிட்டுக் கைகழுவாமல் உண்ட குழந்தைக்கும் கட்டி. அது வயிற்றில் வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்து, குழந்தை பெரியவனான பிறகு ஈரல் வீக்கமாக வெளிப்படும். சத்திர சிகிச்சையின்றித் தீருவது அரிது. நாயிடமிருந்து வந்தது என்று அப்போது யாருக்கும் நினைவு வராது.

ஐஸ்லாந்து என்னும் வடதேசத் தீவில் ஆடுகள் மிகுதி, நாய்களும் மிகுதி. 1863ஆம் வருஷம் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் க்ராபே என்பவர் அங்கே சென்று 100 நாய்களை அறுத்துப் பார்த்தார். 28இல் இப்புழு இருந்தது. மறுவருஷம் அவர் எழுதிய சிறு பிரசுரம், கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே என்பதைச் சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்லி, வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. பின்னர் சட்டங்களும் வந்தன. பயனுள்ள மருந்து எதுவும் இல்லாத காலத்திலேயே, எறியும் கையை நிறுத்தியதனால் அந்நோய் அத்தீவில் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து கடைசியில் மறைந்தது.

ஆட்டுத்தலையைப் பச்சையாகப் போடுவதும் இதுபோன்றதே. தலையை ஒருபுறம் சாய்த்து ஒரே வட்டமாகச் சுற்றி மெலிந்து சாகும் ஆட்டின் மூளையில் பெரும்பாலும் நீர்க்கட்டி ஒன்று இருக்கும். அதைத் தின்ற நாய் வேறொரு நாடாப்புழுவைப் பெற்றுப் பட்டி முழுவதற்கும் அதைப் பரப்பிவிடும்.

ஆகவே இங்கே முறை தலைகீழாகிறது. எலும்பு வேகக்கூடாது; ஈரல், நுரையீரல், மூளை வேகாமல் இருக்கக்கூடாது. இவற்றைத் துண்டாக்கி அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்தபின் போட்டால் குட்டிக்கு நல்ல ஆகாரம். கண்ணுக்குக் கட்டி தெரிந்த பாகத்தை வேகவைக்கவும் வேண்டாம், ஆழமாகப் புதைத்துவிடவேண்டும். நாடாப்புழுவுக்குப் பிராஜிகுவான்டல் என்னும் மருந்து உண்டு. பட்டியோடு திரியும் நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை, எடை பார்த்து வைத்தியர் சொல்லும் அளவில் கொடுக்கவேண்டும். சாதாரண உருண்டைப்பூச்சி மருந்து இப்புழுவைக் கொல்லாது; பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுபவர்கள் இதைக் கவனிப்பார்களாக. மருந்து கொடுத்த பிறகு இரண்டு நாள் மலத்தை எடுத்துப் புதைப்பது அவசியம்.

செத்துக் கிடக்கும் கால்நடையின் எலும்பு

காரணம் தெரியாமல் திடீரென மாண்ட மாட்டையோ ஆட்டையோ அறுக்கவும் கூடாது; நாயை அதன் அருகில் விடவும் கூடாது. மூக்கிலும் மலத்துவாரத்திலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அக்கிருமியின் வித்து மண்ணிலும் எலும்பிலும் பல வருஷங்கள் உயிரோடிருக்கும். நாய் அவ்வியாதிக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் இழுத்துவந்து வீட்டு வாசலில் போட்ட எலும்பு, வாசலில் விளையாடுபவர்களுக்கு அப்படி ஈடுகொடுக்காது. ஆறடி ஆழக் குழியில் உடலை முழுதாகப் புதைத்து, கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும்.

காட்டோரத்தில் இன்னொன்று. காட்டுப்பன்றிக்கென்று இறைச்சியிலும் மாவிலும் மறைத்து வைக்கப்படும் அவுட்டுக்காய் சட்டவிரோதமானது. அது பன்றிக்கும் நாய்க்கும் வேற்றுமை பார்க்காது. கண்டதைக் கவ்வும் குட்டியின் தாடை அதனால் சிதறிவிடுகிறது. தன் வீட்டுத் தட்டில் வைத்ததைத் தவிர வேறெதையும் தொடாதபடி குட்டியைப் பழக்குவது எலும்பு விஷயத்தில் தொடங்கவேண்டிய பாடம்.

சிக்கிக்கொண்டால்

குட்டி எச்சிலை விழுங்க மாட்டாமல் வடித்து, கழுத்தை நீட்டி, ஓங்கரித்து, தின்றதை உடனே அப்படியே வெளியே தள்ளினால் எலும்பு உணவுக்குழாயில் நிற்கிறதென்று எண்ணவேண்டும். திரும்பத்திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகல், மலமின்மை ஆகியவை குடலில் அடைப்பைக் குறிக்கும். மீன்முள் சிக்கிய மனிதருக்குச் சோற்றுருண்டையும் வாழைப்பழமும் விழுங்கக் கொடுப்பதுபோல் குட்டிக்கும் கொடுப்பதுண்டு. இது பெருந்தவறு. கூரிய எலும்பை உருண்டை கொண்டு தள்ளினால் அது குழாயைக் கிழித்துக்கொண்டு மார்புக்குள் போகும். நல்லெண்ணெயை வாயில் ஊற்றுவதும் தவறு, அது மூச்சுக்குழலில் இறங்கிச் சுவாசப்பைக்குக் கேடு செய்யும். வாந்தியெடுக்க உப்புக்கரைசலும் ஆகாது. மூச்சே அடைத்து நாக்கு நீலமானால் மட்டும், வாயைத் திறந்து பார்த்துக் கண்ணுக்குத் தெரிவதை எடுக்கலாம். எட்டாவிட்டால் பின்னங்கால்களைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துத் தோள்களின் நடுவே உள்ளங்கையால் நாலைந்து தடவை தட்டவேண்டும்.

மற்ற எவ்வகையிலும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வழி. ஒரு நாளைக்குமேல் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் எலும்பு அவ்விடத்துத் தசையை அழுகச் செய்யும். வெள்ளிமலைப் பக்கத்தார் மலைப்பாதையில் கச்சிராயபாளையம் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டியிருப்பதால், மாலையில் அறிகுறி கண்டால் விடியட்டும் என்று இராமல் அன்றே புறப்படுவது உசிதம். எக்ஸ்-ரே படமும், குழாய் விட்டு எலும்பை எடுக்கும் கருவியும் வேண்டியிருந்தால் வைத்தியர் தலைவாசலிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார். போகும்போது குட்டிக்கு ஆகாரமும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது. தின்றது எந்த எலும்பு, வெந்ததா வேகாததா, எத்தனை மணிக்கு என்பதை வைத்தியரிடம் சொல்லி, அதே எலும்பில் மிச்சத் துண்டு இருந்தால் ஒரு தாளில் பொதிந்து கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.